கடை முழுக்க ஒரே போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது. ஓடிபி வரும் நேரம் பார்த்து நெட் செத்துப்போகிறது

ஜெராக்ஸ்கடை_அக்கா

வணக்கம். வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அப்புறம் ஆன்லைன் விண்ணப்பங்கள். பதினோரு நாளாக ஃபைபர் லைன் இல்லை. கால்வாய் வெட்டிய ஜேசிபி கேபிளையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. புகார் கொடுத்தால் "ஆள் கிளம்பிட்டாரும்மா" என்கிறார்கள். பதினோரு நாளாக அந்த மனுஷன் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்.

அதுவரை என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கடையை ஓட்டுகிறேன். ஆண்ட்ராய்டு போன், வாங்கி மூன்று வருஷம், இரண்டு சிம். ஒரு சிம்மில் தினம் 2 ஜிபி பேக். இன்னொன்று கடை போர்டில் பெயிண்ட்டில் எழுதியிருக்கிற பழைய நம்பர், பேசுவதற்கு மட்டும். கடையில் இருப்பது ஒரு டெஸ்க்டாப், அண்ணன் பையன் காலேஜ் முடித்துவிட்டு எனக்குத் தள்ளிவிட்ட பழைய லேப்டாப் ஒன்று. இரண்டிலும் விண்டோஸ் 10.

தொல்லை ஒன்றல்ல. டெஸ்க்டாப்பில் வைஃபையே கிடையாது, அதனால் அது பதினோரு நாளாகத் துணி மூடிக் கிடக்கிறது. லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட் பெயர் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. நாலு தரம் ஆஃப் செய்து ஆன் செய்தால் ஒரு தரம் வரும். தப்பித்தவறி வந்தால், காலை பத்தரைக்குள் 2 ஜிபியும் தீர்ந்துவிட்டதாக மெசேஜ் வரும். நான் படம் பார்க்கிறதில்லை, பாட்டுகூடப் போடுகிறதில்லை.

பெரிய தொல்லை இனிமேல்தான். கேன் நம்பர் (அரசுச் சான்றுகளுக்கு விண்ணப்பிக்கக் கேட்கிற குடிமக்கள் எண்) பதிவு, வருமானச் சான்று, எதுவானாலும் பாதி வரை ஒழுங்காகப் போகும். ஓடிபி கேட்கிற பக்கம் வந்ததும் நெட் நின்றுவிடும். லேப்டாப்பில் வைஃபை கோடுகள் முழுசாக இருக்கும், பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகத் திரும்பி வரும். அதற்குள் ஓடிபி காலாவதி. மறுபடி முதலிலிருந்து. பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி வருகிறவரிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது, அவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். காலேஜில் சேர்க்கிற காலம் வேறு. என் மாமியார் "ராகு காலத்துல ஓடிபி போடாத" என்கிறார். அவர் சொல்வதுதான் காரணமோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

சும்மா_ஒருத்தன்

போனை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க அக்கா.

வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, ஆறு இருக்கும் தண்ணி இருக்காது, மலை இருக்கும் மரம் இருக்காது, கோட்டை இருக்கும் ராஜா இருக்க மாட்டார் என்று. வைஃபை இருக்கும் நெட் இருக்காது என்று அதோடு சேர்த்துவிடலாம்.

ஜெராக்ஸ்கடை_அக்கா

தாராளமா சேர்த்துக்கோ தம்பி. ரீஸ்டார்ட் தினம் நாலு தரம் நடக்கிறது.

பாலாறு_தாண்டி

அக்கா, நான் காட்பாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். நீங்கள் சொன்னதில் மூன்று வேறு வேறு வியாதி கலந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த இரண்டைச் சொல்கிறேன். ஓடிபி விஷயம் எனக்கும் புரியவில்லை.

முதலில் லேப்டாப்பில் பெயர் தெரியாதது. ஹாட்ஸ்பாட் இரண்டு அலைவரிசையில் ஓடும், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். பழைய லேப்டாப் பலவற்றில் இருக்கிற வைஃபை கார்டுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். போன் 5-இல் ஒலிபரப்பினால் அதற்குக் காதே கேட்காது, பெயர்கூட வராது. உங்கள் போன் "ஆட்டோ"வில் இருந்து, ஒரு நாள் இதையும் ஒரு நாள் அதையும் எடுக்கிறது என்று நினைக்கிறேன். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் "பேண்ட்" என்று இருக்கும், 2.4-ஐ நிரந்தரமாகத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். வேகம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் சுவர் தாண்டிப் போகும், உங்கள் விண்ணப்பத்துக்கு அது போதும். அதே இடத்தில் "செக்யூரிட்டி", அதாவது பாஸ்வேர்டு பூட்டு முறை, டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். பழைய லேப்டாப் அதிலும் முரண்டு பிடிக்கும்.

டெஸ்க்டாப்புக்கு வைஃபை வேண்டவே வேண்டாம். போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி "யூஎஸ்பி டெதரிங்"கை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அதை ஒரு நெட்வொர்க் கேபிள் மாதிரியே எடுத்துக்கொள்ளும். சார்ஜ் மட்டும் ஏறுகிற மலிவு கேபிளாக இருந்தால் வேலை செய்யாது, டேட்டா போகிற கேபிள் வேண்டும். கேபிளைப் பிடுங்கிச் சொருகினால் டெதரிங் ஆஃப் ஆகிவிடும், மறுபடி ஆன் செய்ய வேண்டும். இது தெரியாமல் போன மாதம் ஒருவர் "நெட் வரல" என்று டெஸ்க்டாப்பையே தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அதே போனில் ஹாட்ஸ்பாட்டும் ஓடட்டும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்.

அடுத்தது 2 ஜிபி. விண்டோஸைப் பொறுத்தவரை வைஃபை என்றால் காசில்லாத தண்ணி. அப்டேட்டை அதுவாகவே இறக்கிக்கொள்ளும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் தொட்டு, "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்பதை ஆன் செய்யுங்கள். இது அளந்து செலவழிக்க வேண்டிய நெட் என்று விண்டோஸ் புரிந்துகொள்ளும். யூஎஸ்பி வழி வருவது "ஈதர்நெட்" என்ற பெயரில் தனியாகத் தெரியும், அதற்கும் தனியாகப் போட வேண்டும். பல பேர் ஒன்றுக்குப் போட்டுவிட்டு இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அப்டேட் தினமும் வராது. பதினோரு நாளும் பத்தரைக்குள் தீர்கிறது என்றால் வேறு ஆள் யாரோ உறிஞ்சுகிறார்கள். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் எத்தனை கருவி இணைந்திருக்கிறது என்று காட்டும். பாருங்கள். பாஸ்வேர்டு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று இங்கே எழுத வேண்டாம்.

ஜெராக்ஸ்கடை_அக்கா

தம்பி, உனக்குக் கோடிப் புண்ணியம். இப்போதுதான் பார்த்தேன். கடையில் நானும் ஒரு லேப்டாப்பும்தான். போன் காட்டுகிறது, ஐந்து கருவி!

கொஞ்ச நேரம் யோசித்ததும் விளங்கிவிட்டது. ஆட்கள் மார்க் ஷீட்டைப் போட்டோ எடுத்து வைத்திருப்பார்கள், அதை எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்ப அவர்கள் போனில் நெட் இருக்காது. "அக்கா, ஒரு நிமிஷம் ஹாட்ஸ்பாட் குடு" என்பார்கள். நானும் கொடுத்துவிடுவேன். ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும், ஆனால் அந்தப் போன் என்னை மறக்காது போலிருக்கிறது. எதிரில் பஸ்ஸுக்கு உட்கார்ந்தாலே தானாக ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து டீக்கடைப் பையன் நாள் முழுக்க ரீல்ஸ் பார்ப்பது எந்தக் காசில் என்று இப்போதுதான் தெரிகிறது. பாஸ்வேர்டு ஒன்றிலிருந்து எட்டு வரை. ஆமாம், எழுத வேண்டாம் என்றீர்கள், மாற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2.4 போட்டதும் லேப்டாப்பில் பெயர் வந்துவிட்டது. டெஸ்க்டாப் மேல் இருந்த துணியையும் எடுத்தாயிற்று.

பாலாறு_தாண்டி

அதேதான். வைஃபை கிடைத்தால் வாட்ஸ்ஆப் வீடியோ எல்லாம் தானாக இறங்கும், சிலர் போனில் போட்டோ பேக்கப்பும் ஓடும். அவர்கள் போனை ஜேபியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் உங்கள் ஜிபி போகும். இனி போட்டோ வாங்க "குவிக் ஷேர்" பயன்படுத்துங்கள், போனுக்குப் போன் நேராக வந்துவிடும், டேட்டா செலவே இல்லை.

பழைய_லைன்மேன்

தொலைபேசித் துறையில் முப்பத்திரண்டு வருஷம் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவன். ஊர் வேலூர் சத்துவாச்சாரி. கண் சரியில்லை, பேத்தி டைப் செய்கிறாள், பிழை இருந்தால் அவள் கணக்கு.

அம்மா, பத்தரைக்கு மேல், 2 ஜிபி தீர்ந்த பிறகு, நெட் எவ்வளவு மெதுவாகிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தினக் கோட்டா தீர்ந்ததும் நிறைய பேக்குகளில் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடுவார்கள். அது நொடிக்கு 8 கிலோபைட். 200 கிலோபைட் போட்டோ ஏற 25 நொடி. 2 எம்பி பிடிஎஃப் ஏற நாலு நிமிஷத்துக்கு மேல். அதுவரை அரசாங்கத்து வெப்சைட் உங்களுக்காகக் காத்திருக்காது. 1990-களின் கடைசியில் நாங்கள் வீடு வீடாக மாட்டிய மோடம் 56 கேபிபிஎஸ். அதற்கு இது கூடப்பிறந்த அண்ணன்.

இரண்டாவது, போனை எங்கே வைக்கிறீர்கள்? எல்லாரும் செய்கிற தப்பு, கம்ப்யூட்டர் பக்கத்தில் வைப்பது. இங்கே இரண்டு தாண்டல் இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு ஒன்று, போனிலிருந்து டவருக்கு ஒன்று. முதல் தாண்டல் பத்தடி, எங்கே வைத்தாலும் எட்டும். இரண்டாவது ஒன்றிரண்டு கிலோமீட்டர், அங்கேதான் பஞ்சம். வைஃபை கோடு முழுசாக இருந்தும் பக்கம் சுற்றுகிறது என்றால் முதல் தாண்டல் நன்றாக இருக்கிறது, இரண்டாவது அறுந்திருக்கிறது என்று பொருள். ஷட்டரும் தகரக் கூரையும் உள்ள கடை என்றால் சிக்னல் உள்ளே வர ரொம்பக் கஷ்டப்படும். போனில் "அபவுட் போன்" உள்ளே "சிம் ஸ்டேட்டஸ்" என்று இருக்கும், அதில் சிக்னல் அளவு மைனஸில் காட்டும். மைனஸ் 90 நல்லது. மைனஸ் 115 என்றால் உயிர் ஊசலாடுகிறது. கடைக்குள் நாலு இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் வெயில் படுகிற இடத்தில் வேண்டாம். நம் ஊர் மே மாத வெயிலில் ஹாட்ஸ்பாட்டும் சார்ஜும் ஒன்றாக ஓடினால் போன் காய்ந்த தோசைக்கல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துவிடும். நிழல், காற்று, பின்பக்க கவரைக் கழற்றி வைப்பது, அவ்வளவுதான் மருந்து. ஈரத்துணி, ஃபிரிட்ஜ் எல்லாம் செய்யாதீர்கள். உள்ளே வியர்த்து போர்டே போய்விடும்.

மூன்றாவதாக ஒரு கேள்வி. ஓடிபி யார் போனுக்கு வருகிறது? அவர் அதை உங்களுக்கு எப்படிச் சொல்கிறார்?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்த மோடம் காலத்தில் தினமும் ஒரே புகார்தான். "நெட் ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு அறுந்துடும்." போய்ப் பார்த்தால் உள் அறையில் யாராவது ரிசீவரை எடுத்திருப்பார்கள். ஒரே ஜோடிக் கம்பியில் பேச்சும் நெட்டும். எனக்கு என்னவோ அந்த வாசனை அடிக்கிறது. இரண்டு நாள் ஒரு நோட்டில் நெட் நின்ற நேரத்தைக் குறியுங்கள். அந்த நிமிஷம் போனில் என்ன நடந்தது என்றும் எழுதுங்கள்.

ஜெராக்ஸ்கடை_அக்கா

ஐயா, உங்களுக்கும் பேத்திக்கும் வணக்கம்.

ஈரத்துணி போட்டது நான்தான். எப்படித் தெரிந்தது உங்களுக்கு? எடுத்துவிட்டேன்.

சிக்னல் பார்த்தேன். கம்ப்யூட்டர் மேசையில் மைனஸ் 114. ஷட்டர் ஓரம், காமாட்சி அம்மன் படம் மாட்டியிருக்கிற பலகையில் மைனஸ் 97. போன் இப்போது அம்மன் பக்கத்தில்தான் இருக்கிறது, கேபிள் எட்டாததால் நீளமாக ஒன்று வாங்கினேன். விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

நோட்டில் குறித்தது: புதன், வியாழன் இரண்டு நாளில் ஒன்பது தடவை நெட் நின்றது. ஒன்பது தடவையும் அந்தப் போனில் பேசிக்கொண்டிருந்தோம்! எட்டு தடவை ஓடிபி சொல்ல வந்த கால். இங்கே பாதிப் பேருக்குப் பதிவு செய்த நம்பர் பிள்ளையுடையது. பிள்ளை ஆம்பூரில் ஷூ கம்பெனியிலோ, ஓசூரிலோ, பெங்களூரிலோ இருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மா கையில் போனே இருக்காது. அதனால் பிள்ளைக்கு ஓடிபி வந்ததும் கடை போர்டு நம்பருக்கு அடித்து ஆறு எண்ணையும் சொல்லும். அதோடு விடுமா? "அம்மா சாப்பிட்டாங்களா, குடுங்க அவங்ககிட்ட" என்று இரண்டு நிமிஷம். ஒன்பதாவது கால், லோன் வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண். அதுவும் போர்டு நம்பருக்குத்தான்.

ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்று எனக்கும் தெரியும், யாரும் அறிவுரை சொல்ல வேண்டாம். பிள்ளை பேசும்போது அம்மா எதிரில் இருக்கிறார், எந்தப் பக்கத்தில் என்ன போடுகிறேன் என்று அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். பேங்க் ஓடிபி என்றால் தொடவே மாட்டேன்.

சரி, கால் வந்தால் நெட் ஏன் சாக வேண்டும்? பேசுவது ஒரு சிம்மில், நெட் வேறு சிம்மில்.

குடியாத்தம்_தம்பி

வேறு சிம் என்பதுதான் காரணமே அக்கா. நான் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருஷம், இது ஒன்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

சாதாரண இரண்டு சிம் போனில் சிம்தான் இரண்டு, டவரோடு பேசுகிற ரேடியோ ஒன்றுதான். சும்மா இருக்கும்போது அது இரண்டு சிம்மையும் மாறி மாறிக் கவனித்துக்கொள்ளும், அதனால் இரண்டுக்கும் கால் வரும். ஒரு சிம்மில் பேச்சு ஆரம்பித்ததும் ரேடியோ முழுசாக அந்தப் பக்கம் போய்விடும், மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும். மணி அடிக்க ஆரம்பித்ததுமே நிற்கும். வைத்ததும் திரும்பி வரும். ஹாட்ஸ்பாட்டுக்கு இது எதுவும் தெரியாது, அது பாட்டுக்கு வைஃபையை வீசிக்கொண்டிருக்கும். அதனால்தான் கோடு முழுசாகத் தெரிகிறது. சந்தேகம் இருந்தால் லேப்டாப்பில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, வேறு போனிலிருந்து போர்டு நம்பருக்கு அடித்துப் பாருங்கள்.

கால் வருவதும் டேட்டா ஓடுவதும் ஒரே சிம் என்றால், 4ஜி வாய்ஸ், அதாவது வோல்ட்இ ஆனில் இருக்கிற வரை, இரண்டும் சேர்ந்தே ஓடும். அதை ஆஃப் செய்திருந்தால் கால் வரும்போது போன் பழைய நெட்வொர்க்குக்கு இறங்கிவிடும், அப்போதும் நெட் போகும். சில போன்களில் "பேசும்போது டேட்டாவை மாற்று" என்று ஒரு வசதி உண்டு. அதற்கு இரண்டாவது சிம்மிலும் டேட்டா பேக் வேண்டும், மாறுகிற நொடியில் ஐபி முகவரியும், அதாவது நெட்டில் உங்கள் இணைப்பின் அடையாள எண்ணும், மாறிவிடும் என்பதால் சில வெப்சைட் உங்களை லாகினிலிருந்தே வெளியே தள்ளும். உங்கள் வேலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சுலபம் இதுதான்: போர்டு நம்பர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள். பட்டன் போன் போதும். 4ஜி மட்டும் உள்ள கம்பெனி சிம்மாக இருந்தால் பழைய 2ஜி பட்டன் போனில் டவரே எடுக்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_லைன்மேன்

ரிசீவரை எடுத்தால் நெட் அறுகிறது. அப்போதும் அதேதான், இப்போதும் அதேதான். தம்பி, உன் வாத்தியார் யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பேத்தி சிரிக்கிறாள்.

சும்மா_ஒருத்தன்

நான் சொன்ன ரீஸ்டார்ட்?

ஜெராக்ஸ்கடை_அக்கா

வெள்ளிக்கிழமை இரவு எழுதுகிறேன். இன்று ஆட்டுச் சந்தை. தெரியாதவர்களுக்கு: வெள்ளிக்கிழமை ஒடுகத்தூரில் விடிவதற்கு முன்பே ஆடும் ஆளுமாக நிரம்பிவிடும். அவ்வளவு பேர் கையிலும் போன், எல்லாம் ஒரே டவரில். அதனால் காலை பத்து மணி வரை நெட் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கு நானும் நீங்களும் ஒன்றும் செய்ய முடியாது என்று புரிகிறது, விண்ணப்பத்தை எல்லாம் பதினொன்றுக்கு மேல் வைத்துக்கொண்டேன்.

போர்டு சிம் என் மாமனாரின் பட்டன் போனில் இருக்கிறது. நல்ல வேளை, பழைய கம்பெனி சிம், டவர் எடுத்துக்கொண்டது. அவர் சிம்மைக் கழற்றும்போது "என் நம்பர் எங்க போச்சு" என்று ஒரு சண்டை. இரண்டு சிம் போடுகிற பட்டன் போன்தான் அது, இரண்டாவது ஓட்டை காலியாக இருந்தது. பார்க்காமல் கழற்றியது என் தப்பு.

இன்று பதினாறு விண்ணப்பம். நெட் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பிள்ளைகள் அடிக்கிறார்கள், பட்டன் போனில் ஓடிபி கேட்கிறேன், மறுகையால் டைப் செய்கிறேன், அம்மாவிடம் போனைக் கொடுத்து "நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்கிறேன். இரவு எட்டு மணிக்கு டேட்டா பார்த்தேன், 2 ஜிபியில் 1.3 மிச்சம். டீக்கடைப் பையன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். டீயில் சர்க்கரை குறைந்துவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. மாமனாருக்குக் காது மந்தம் என்பதால் அந்தப் போனில் மணிச் சத்தம் உச்சத்தில் இருக்கிறது. காலையில் அது அடித்தபோது வாசலில் கட்டியிருந்த கிடா ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, பிடிக்க மூன்று பேர் போனார்கள். சத்தத்தைக் குறைக்கிற பட்டன் தேய்ந்துபோயிருக்கிறது. மெனுவில் எங்கே இருக்கும் என்று யாருக்காவது தெரியுமா?